பழைய டூரரைச் சீர் செய்வதா, சற்றே புதிய செகண்ட்ஹேண்ட் வாங்குவதா: எஸ்டி1300 வைத்திருப்பவர் முன் இருக்கும் நான்கு வழிகள்

பதினைந்து, இருபது வருடம் கூடவே ஓடிய டூரிங் பைக்கை மாற்ற நினைக்கும்போது, பலரும் பொருந்தாத இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் தன் பைக் இன்றைக்கு நிற்கிற நிலை: துவண்டுபோன பின் ஷாக் (அதிர்வு தாங்கி), காய்ந்து வெடித்த ரப்பர் குழாய், ஹேண்டில் திரும்ப உதவும் ஹெட் பேரிங்கின் நடுவில் விழுந்த பள்ளம். மறுபக்கம் கழுவித் துடைத்துப் படம் பிடித்த ஒரு செகண்ட்ஹேண்ட் பைக். இப்படிப் பார்த்தால் பழையது தோற்கத்தான் செய்யும். அடுத்த 40,000 கி.மீ. ஓடுவதற்கு உங்கள் பைக் என்ன கேட்கும், வாங்கப்போகும் பைக் என்ன கேட்கும் என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த இரண்டைத்தான். உங்கள் பைக்கின் பட்டியல் உங்களுக்குத் தெரியும். மற்றதன் பட்டியலை விற்பவர் கையில் கொடுக்கமாட்டார், தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் இருந்தால் பேச வசதி. ஹோண்டா எஸ்டி1300 பான் யூரோப்பியனை எடுத்துக்கொள்வோம். 2002-இல் வந்தது. நீளவாக்கில் வைத்த 1261 சிசி வி4 எஞ்சின் (நான்கு சிலிண்டர் V வடிவில்), ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் சுழலும் தண்டு பின் சக்கரத்தை ஓட்டும்), 29 லிட்டர் டாங்க், ஐந்து கியர். லிட்டருக்கு 17 கி.மீ. கிடைத்தாலே பெட்ரோலுக்கு நிற்காமல் 450 கி.மீ. போகலாம். முழு டாங்க்கோடு எடை 320 கிலோவுக்கு மேல். இதை வைத்திருப்பவர்கள் இதன்மேல் கொண்ட பிரியத்துக்குக் காரணம் இருக்கிறது: எண்ணெயும் கூலன்ட்டும் காலாகாலத்தில் மாற்றினால் இந்த எஞ்சின் அலுக்காமல் ஓடும். கெடுவதெல்லாம் எஞ்சினைச் சுற்றி இருப்பவைதான்.

இதற்கு எதிரே வைக்கக்கூடியவை மூன்று. அதே வகையில் அடுத்த தலைமுறை: யமஹா எஃப்ஜேஆர்1300, குறிப்பாக 2013-க்குப் பிந்தையது. வசதியில் ஒரு படி மேலே: பிஎம்டபிள்யூ ஆர்1200ஆர்டி, 2014-இல் வந்த திரவக் குளிர்ச்சி எஞ்சின் உள்ளது. எடையைக் குறைத்துச் செயினுக்குப் போவது: 2022-இல் வந்த ஹோண்டா என்டி1100 அல்லது 2021-இல் வந்த யமஹா டிரேசர் 9 ஜிடி. நான்காவது வழி, உள்ளதையே வைத்துச் சீர் செய்வது. அதிலிருந்தே தொடங்கலாம். மற்ற மூன்றையும் அளக்க அதுதான் அளவுகோல்.

உள்ளதைச் சீர் செய்தால்

பாதி வேலை செய்துவிட்டு "சரி செய்தாயிற்று" என்பவர்கள்தான் பிறகு புலம்புவார்கள். 80,000 கி.மீ. தாண்டிய எஸ்டி1300-க்கு முழு வேலை என்றால் இவ்வளவு: ஹெட் பேரிங்கை எடுத்துவிட்டு டேப்பர் ரோலர் வகை போடுவது; முன் ஃபோர்க்கில் ஆயில், சீல், புஷ் மூன்றும்; பின் ஷாக்கைப் பிரித்து எண்ணெய், சீல் மாற்றி நைட்ரஜன் நிரப்புவது, அல்லது புது ஷாக்; இரண்டு சக்கரப் பேரிங், பின் சக்கரத்து டேம்பர் ரப்பர்கள்; தெர்மோஸ்டாட், கூலன்ட் குழாய்கள்; த்ராட்டில் பாடிக்கு அடியில் ஓடும் வேக்யூம் குழாய்கள் மொத்தமும்; பிரேக் குழாய்கள்; பேட்டரி. வேக்யூம் குழாய்களையும் வி-யின் நடுவில் இருக்கும் கூலன்ட் குழாய்களையும் ஒரே தடவையில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். மேலே இருப்பதை எல்லாம் கழற்றினால்தான் அங்கே கை போகும், அந்தக் கழற்றும் கூலியை இரண்டு முறை கொடுக்கக் கூடாது. எஞ்சின் சூடேறாமல் வெப்பநிலைக் காட்டி கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பெட்ரோல் குடிப்பது கூடியதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பின் சக்கரத்தை ஷாஃப்ட் டிரைவோடு இணைக்கும் ஸ்ப்ளைன் பற்களைத் துடைத்து, மாலிப்டினம் அதிகமுள்ள பேஸ்ட் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் அங்கே நிற்காது. காய்ந்த ஸ்ப்ளைன் செங்கல் நிறத்தில் பொடி விடும். அதைப் பார்த்துவிட்டும் மூடினால், அடுத்த டயருக்குள் பற்கள் கூர்மையாகிவிடும்.

இந்த பைக்கில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று, பலர் கேள்விப்பட்டும் பார்க்காமல் விடுவது, இடது முன் காலிப்பரோடு (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) சேர்ந்த இரண்டாம் மாஸ்டர் சிலிண்டர். முன் பிரேக் பிடிக்கும்போது இடது காலிப்பர் டிஸ்க்கோடு சேர்ந்து லேசாக முன்னால் நகரும். அந்த நகர்வு இந்தச் சின்ன சிலிண்டரை அழுத்தி, பின் பிரேக்குக்கும் அழுத்தம் அனுப்பும். பிரேக்கை விட்டதும் அந்த அழுத்தம் ஓர் ஊசித் துளை வழியாகத் திரும்ப வேண்டும். பிரேக் ஆயிலை நான்கு, ஐந்து வருடம் மாற்றாமல் விட்டால் அதில் ஈரம் ஏறி, பிசுக்கும் துகளும் சேர்ந்து அந்தத் துளையை அடைக்கும். அப்புறம் பின் பிரேக் பிடித்தது பிடித்தபடியே இருக்கும். டிஸ்க் நீலம் பாரிக்கும், பேட் ஒரு பக்கமாகத் தேயும், மோசமானால் சக்கரமே இறுகிவிடும்.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஒருவர் பின் சக்கரத்தைக் கையால் சுற்றட்டும். நீங்கள் இடது முன் காலிப்பரை, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில், உள்ளங்கையால் நன்றாகத் தள்ளுங்கள். பின் சக்கரம் நிற்க வேண்டும். கையை எடுத்த உடனே பழையபடி சுழல வேண்டும். ஐந்தாறு முறை செய்யுங்கள். ஒரு முறை கூட விடத் தயங்கினால், அந்தச் சிலிண்டரை மாற்றுவதுதான் வழி. மாற்றிய பிறகு டாட் 4 பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் இந்தத் தொல்லை திரும்பாது. விற்பனைக்கு வரும் எந்த எஸ்டி1300-ஐப் பார்க்கப் போனாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான்.

சீர் செய்தாலும் மாறாதவை சில உண்டு. எடை குறையாது. மேல்பெட்டியில் சுமை ஏற்றி அதிவேகத்தில் போனால் பைக் நெளிவது இந்த மாடலின் பலரும் அறிந்த குணம். புது ஹெட் பேரிங்கும் புது டயரும் அதைக் குறைக்கும், அடியோடு எடுக்காது. மேல்பெட்டியைக் காலியாக விட்டு எடையைப் பக்கப் பெட்டிகளில் கீழே வைப்பதே நல்ல மருந்து. முன் டயர் 120/70 அளவில் 18 அங்குலம். மற்ற டூரர்களில் பெரும்பாலானவை 17 அங்குலத்தில் இருப்பதால் இந்த அளவில் தேர்வு குறைவு. பிளாஸ்டிக் பேனல்கள், ஸ்விட்ச் தொகுதி, ஏபிஎஸ் யூனிட் மாதிரியான பாகங்கள் புதிதாகக் கிடைப்பது வருடா வருடம் குறையும். பழைய பைக்கை வைத்துக்கொள்ள முடிவு செய்பவர், பாகங்களின் வரைபடத்தை எடுத்து, உடைந்தால் பைக்கே நின்றுவிடும் என்ற பத்துப் பாகங்களைக் குறித்து, அவை இன்னும் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அதில் நான்கு கிடைக்கவில்லை என்றால் சீர் செய்யும் யோசனையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எஃப்ஜேஆர்1300: கை பழகியவருக்கு அதிகம் அந்நியமாகாதது

1298 சிசி, நான்கு சிலிண்டர், ஷாஃப்ட், 25 லிட்டர் டாங்க், ஓடத் தயாராக 290 கிலோ அளவு. எஸ்டி1300-இலிருந்து ஏறினால் முப்பது கிலோ குறைந்தது சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போதே தெரியும். 2013-இல் எலக்ட்ரானிக் த்ராட்டில், டிராக்ஷன் கன்ட்ரோல், க்ரூஸ் கன்ட்ரோல் வந்தன. 2016-இல் ஆறாவது கியரும் லேசான கிளட்ச்சும் வந்தன. நெடுஞ்சாலையிலேயே நாள் முழுக்கப் போகிறவருக்கு இந்த ஆறாவது கியர் முக்கியம். ஐந்து கியர் எஃப்ஜேஆரில் வேகம் பிடித்தபின் கால் தானாகவே இன்னொரு கியரைத் தேடும். விலை எட்டுமானால் 2016-க்கு முந்தையதை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து.

வால்வு இடைவெளி பார்ப்பது சுமார் 40,000 கி.மீ.க்கு ஒரு முறைதான். எஸ்டி1300-க்கு இதே வேலை 24,000 முதல் 26,000 கி.மீ.க்குள் வந்துவிடும். ஆனால் இந்த நீண்ட இடைவெளியில்தான் ஒரு பொறி இருக்கிறது. 45,000 கி.மீ. ஓடிய எஃப்ஜேஆரை விற்கிறவர், அந்தப் பெரிய சர்வீஸைச் செய்யாமலே விற்கிறாரா என்று கேட்க வேண்டும். "வால்வு பார்த்தாயிற்று" என்றால் பதினாறு வால்வுகளின் அளவும் எழுதிய தாள் இருக்கும். தாள் இல்லையென்றால் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இதில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய சத்தம், எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருடையது. அதன் ஸ்பிரிங் சோர்ந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் தகரத்தில் சங்கிலி உதறுவது போல ஒலிக்கும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. செயின் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போய்விடும். டென்ஷனர் சின்னப் பாகம்தான். மாற்றிய பில் இருந்தால் அந்த பைக்குக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

ஆர்1200ஆர்டி: பின்சீட்டில் இருப்பவர் தேர்ந்தெடுப்பது

1170 சிசி பாக்ஸர் எஞ்சின், 125 குதிரைத்திறன், 25 லிட்டர் டாங்க், 274 கிலோ. சிலிண்டர் இரண்டும் பக்கவாட்டில் தாழ்வாக இருப்பதால் அதே எடை கையில் குறைவாகவே தெரியும். மின்சாரத்தில் ஏறி இறங்கும் காற்றுத்தடுப்புக் கண்ணாடி, பின்சீட்டின் அகலம், காலை மடக்காமல் வைக்க இடம் என்று இருவராக வெகுதூரம் போக இதைவிட வசதியானது இந்த வரிசையில் இல்லை. மொத்த எடை வரம்பு 495 கிலோ; பைக்கைக் கழித்தால் 221 கிலோ ஏற்றலாம்.

வால்வு 20,000 கி.மீ.க்கு ஒரு முறை. அடிக்கடி என்று தோன்றலாம். ஆனால் தலை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மூடியைக் கழற்றி அளப்பது எளிது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் டாங்க், ஏர் பாக்ஸ், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலை இங்கே இல்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. 2014-இல் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளின் பின் ஷாக் தண்டு முறியக்கூடும் என்று நிறுவனமே ஓட்டுவதை நிறுத்தச் சொல்லித் திரும்ப அழைத்தது. அந்த வருட வண்டி என்றால் ஷாக் மாற்றியதற்கான பதிவைக் கேளுங்கள். இன்னொன்று ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தாலோ கிளிப் தளர்ந்தாலோ உள்ளே நீர் இறங்கி ஸ்ப்ளைன் துருப்பிடிக்கும். வெளியே எதுவும் தெரியாது, பைக்கும் நன்றாகவே ஓடும். உறையை விலக்கிப் பார்த்தால் உள்ளே துரு நிறத் தண்ணீர் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் பற்றி ஒரு வார்த்தை, இது ஆர்டிக்கு மட்டுமானதில்லை. பழைய பைக்கின் ஷாக் சோர்ந்தால் பிரித்துச் சரி செய்யலாம். எலக்ட்ரானிக் ஷாக் பத்து வருடத்தில் எண்ணெய் கசிந்தால், அதைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, புதியதோ பைக்கிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று. டெஸ்ட் ரைடில் மெத்தை போல இருக்கிற வசதிதான் பின்னாளில் பட்டியலின் தலையில் வந்து உட்காரும். ஷாக்கின் தண்டிலும் கீழ்ப்பகுதியிலும் விரல் வைத்துத் தடவி எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த வகையில் எதையும் வாங்க வேண்டாம்.

செயின் வழி: என்டி1100, டிரேசர் 9 ஜிடி

320 கிலோவிலிருந்து 238 கிலோ என்டி1100-க்கோ, பெட்டிகள் இல்லாமல் 220 கிலோ இருக்கும் டிரேசர் 9 ஜிடிக்கோ இறங்குவது பெரிய இறக்கம். சரிவில் நிறுத்திய பைக்கைப் பின்னால் தள்ள முடியாமல் மூட்டு வலிக்கிறவருக்கு மற்ற எல்லா வாதமும் இரண்டாம் பட்சம்.

டாங்க் சின்னது என்று தயங்குகிறார்கள். என்டி1100-க்கு 20.4 லிட்டர், டிரேசருக்கு 19 லிட்டர் அளவு. ஆனால் இவை லிட்டருக்கு 20 கி.மீ. அளவுக்குத் தருவதால் 380, 400 கி.மீ. வரை போகும். 29 லிட்டரோடு ஒப்பிட்டால் டாங்க் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தூரம் அவ்வளவு குறைவதில்லை.

உண்மையான விலை செயினில் இருக்கிறது. ஷாஃப்டுக்கு கால் லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான், அதுவும் எப்போதாவது. செயினுக்கு 500 முதல் 800 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெய், மழையில் ஓட்டினால் அன்றன்றைக்கே. நன்றாகப் பார்த்துக்கொண்டால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் 25,000 கி.மீ. வரும். நாளுக்கு 600 கி.மீ. ஓட்டுபவர் மாலையில் களைத்து இறங்கியதும் சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். அதைச் செய்வீர்களா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தானாக எண்ணெய் சொட்டும் கருவி பொருத்தினால் இந்தப் பாரம் பெருமளவு குறையும்.

என்டி1100-இல் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ளது என்றால் எடை 248 கிலோ. அதற்குத் தனியாக ஓர் ஆயில் ஃபில்டர் உண்டு. சர்வீஸ் பில்லில் ஒரே ஒரு ஃபில்டர் மட்டும் இருந்தால் மற்றது மாற்றப்படவில்லை. டிரேசர் 9-இல் சாய்வை அளக்கும் ஆறு அச்சு சென்சார் இருப்பதால், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கன்ட்ரோலும் அதற்கேற்ப வேலை செய்யும். ஈரச் சாலையில் மலைப்பாதை ஓட்டுகிறவர் பழைய பைக்கை விட்டு வருவதற்கு எங்கள் கண்ணில் இதுதான் மிக நியாயமான காரணம். 2002-இன் ஏபிஎஸ்ஸை எவ்வளவு பராமரித்தாலும் இந்தத் திறன் வராது.

கி.மீ. எண்ணைவிட வருடம் பேசும்

பத்து வருடத்தில் 9,000 கி.மீ. மட்டும் ஓடிய பைக்கைப் புதையல் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. ரப்பரும் திரவங்களும் கி.மீ. பார்த்துக் கெடுவதில்லை. நின்றே கிடந்த பைக்கில் டயர் கல்லாகியிருக்கும், ஃபோர்க் சீல் காய்ந்திருக்கும், டாங்க்கில் பழைய பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைத்திருக்கும், பிரேக் ஆயில் டீ நிறத்தில் இருக்கும். அதே வருடத்து இன்னொன்று 60,000 கி.மீ. ஓடி, ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் இருந்தால், தயங்காமல் அதை எடுக்கலாம்.

பார்க்கப் போகும்போது, "எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். ஐந்து, ஆறு வருடம் தாண்டியது என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் புது டயர் உங்கள் செலவில் சேர்கிறது. பிரேக் டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும்; வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக் கருவி கொண்டு அளந்து அதோடு ஒப்பிடுங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் வைத்து, முன் சக்கரம் தரையை விட்டு எழும்படி பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போல இருந்தால் ஹெட் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் கீழ் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள்: அங்கே ஆட்டம் என்றால் சக்கரப் பேரிங், அல்லது ஷாஃப்ட் வண்டியில் ஃபைனல் டிரைவ் பேரிங். இரண்டாவது என்றால் வாங்க வேண்டாம்.

விழுந்த பைக்கை ஹேண்டில் நுனியும் லீவரும் பெட்டியின் அடிப்பக்கமும் காட்டிக்கொடுக்கும். அவற்றை மாற்றிவிடலாம். ஹேண்டில் திரும்பும் எல்லையில் ஃபிரேமோடு இருக்கும் முட்டுத் துண்டை யாரும் மாற்றுவதில்லை. அதில் நசுங்கல் அல்லது புதுப் பெயின்ட் இருந்தால், பைக் பலமாக அடிபட்டிருக்கிறது. ஃபேரிங்கின் (முன்பக்க பிளாஸ்டிக் உறை) உட்பக்கம் மாட்டும் காதுகளில் பசை ஒட்டியிருந்தாலும் அதே கதைதான்.

மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எஞ்சினை 4,000 சுற்றில் வைத்தால் 13.8-இலிருந்து 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், கை சூடாக்கி எல்லாம் போட்டு மறுபடி அளந்து, 13.5-க்குக் கீழே இறங்கினால் சார்ஜிங் பலவீனம். சாவி எத்தனை என்று கேளுங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத பூட்டு) உள்ள வண்டியில் ஒரே சாவிதான் என்றால் அது சின்னக் குறை இல்லை; அதுவும் தொலைந்தால் பைக் அசையாது. டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சார்களில் பேட்டரி உள்ளேயே அடைத்து வந்திருக்கும். அது தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும், டயரையும் கழற்ற வேண்டும். ஆகவே டயர் மாற்றும் நாளிலேயே அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நேர் சாலையில் 80-இலிருந்து 50-க்கு த்ராட்டிலை மட்டும் விட்டு இறங்குங்கள், கைப்பிடியில் கை லேசாக இருக்கட்டும். ஹேண்டில் நடுங்கினால் ஹெட் பேரிங் அல்லது அலை அலையாகத் தேய்ந்த முன் டயர். உச்ச கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று முழு த்ராட்டில் கொடுங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவது கியரில் அழுத்தி இழுக்கும்போது கியர் நழுவி வெளியே குதித்தால், அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். கியர்பாக்ஸ் திறக்கும் வேலை வேறு எதையும்விடப் பெரியது.

உடம்பும் சுமையும்

இருபது நிமிட டெஸ்ட் ரைடு ஏமாற்றும். வலி மூன்றாவது மணி நேரத்தில்தான் வரும். அதற்குப் பதிலாக டேப் எடுத்து உங்கள் பழைய பைக்கில் மூன்று அளவு எடுங்கள்: சீட்டின் தாழ்ந்த இடத்திலிருந்து கால் வைக்கும் கட்டைக்கு, அங்கிருந்தே கைப்பிடியின் நடுவுக்கு, கட்டையிலிருந்து கைப்பிடிக்கு. பார்க்கிற ஒவ்வொரு பைக்கிலும் அதே மூன்றை எடுங்கள். சீட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் 20 மி.மீ. குறைந்தால் நாள் முடிவில் முழங்கால் சொல்லும். கைப்பிடி தூரம் என்றால் கைப்பிடியை உயர்த்தும் ரைசர் போட்டுச் சரி செய்யலாம். ஆனால் 25 மி.மீ.க்கு மேல் உயர்த்தினால் பல வண்டிகளில் பிரேக் குழாயும் வயரும் இழுபடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சுமைக் கணக்கு இன்னும் எளிது, ஆனால் போடுபவர்கள் குறைவு. மொத்த எடை வரம்பிலிருந்து முழு டாங்க் எடையைக் கழியுங்கள். இருவர், தலைக்கு 75 கிலோ, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ சேர்த்து 15, சாமான் 30. அதுவே 195 கிலோ. பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும் இதற்கு மேல் 12, 15 கிலோ இருக்கலாம். லேசான பைக்குக்கு மாறுகிறவர் இந்த இடத்தில்தான் தடுக்குவார். பைக் லேசானது என்பதற்காக அது அதே சுமையைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எப்போதும் இருவராகப் போகிறவருக்கு இந்த ஒரு கணக்கே எஃப்ஜேஆர் அல்லது ஆர்டி பக்கம் தள்ளிவிடும்.

அப்படியானால் எது

பாகங்கள் கிடைக்கின்றன, கியர்பாக்ஸும் ஃபிரேமும் நன்றாக இருக்கின்றன, எடையும் தொல்லை தரவில்லை என்றால் எஸ்டி1300-ஐச் சீர் செய்து ஓட்டுங்கள். அந்தத் தொகைக்கு அதே நம்பகத்தில் இன்னொரு பைக் கிடைப்பது கடினம். தனியாக நெடுஞ்சாலையில் வெகுதூரம் போகிறவர், தன் பைக் கொடுத்த உணர்வே இன்னும் வேண்டும் என்றால் 2016-க்குப் பிந்தைய எஃப்ஜேஆர். எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இல்லாத வகை கிடைத்தால் இன்னும் நல்லது. இருவர், வருடத்துக்கு இரண்டு நீண்ட பயணம், ஷாஃப்ட் உறையைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருக்கிறார் என்றால் ஆர்டி. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் ஆர்டி வேண்டாம். எடையால் ஏற்கெனவே ஒரு முறையாவது நின்ற இடத்தில் பைக்கைக் கீழே போட்டவர், தனியாகப் போகிறவர், மலைப்பாதை விரும்புபவர் ஆகியோருக்கு செயின் வழி. அவர்கள் மூன்று பயணத்துக்குள் மாறியது சரி என்று உணர்வார்கள்.

எதை வாங்கினாலும், வந்த முதல் வாரமே எஞ்சின் ஆயில், ஃபில்டர், ஃபைனல் டிரைவ் ஆயில் அல்லது செயின் செட், கூலன்ட், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் மாற்றிவிட்டு, மாற்றிய தேதியையும் கி.மீ.யையும் எழுதி வையுங்கள். விற்பவர் "போன மாதம்தான் மாற்றினேன்" என்றாலும் மாற்றுங்கள். கணக்கு அங்கிருந்து உங்களுடையதாகத் தொடங்கும். முதல் 1,000 கி.மீ. வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள், பெட்டியில் சுமை ஏற்றியும் ஒரு நாள், மழையில் ஒரு நாள். கசிவோ சத்தமோ இருந்தால் இந்த 1,000-க்குள் தலை காட்டிவிடும். அதுவரை பழையதை விற்க வேண்டாம். பேட்டரிக்குச் சார்ஜ் இறங்காமல் காக்கும் மெயின்டைனர் மாட்டி, டாங்க் நிரப்பி நிறுத்துங்கள்.

விற்கும் நாளில் மேல்பெட்டியையும் கூடுதல் விளக்குகளையும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஹெட் பேரிங் எத்தனை கி.மீ.யில் மாறியது, இரண்டாம் மாஸ்டர் சிலிண்டர் எப்போது மாறியது, பதினாறு வால்வுக்கும் எந்த ஷிம் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) போட்டிருக்கிறது என்று எழுதிய தாள்களை மட்டும் பைக்கோடு அனுப்புங்கள். அடுத்தவர் மூடியைத் திறக்கும்போது அவருக்குப் பாதி வேலை மிச்சம்.